வேலியோரத்து வெட்டுக்காயப் பூண்டு

 

காசு கொடுத்து வாங்கி வந்த ரோஜாச் செடிக்குக் காலையும் மாலையும் நீர் வார்க்கிறோம். அதே தொட்டியின் ஓரத்தில் தானாக முளைத்து நிற்கும் சிறு பூண்டைப் பிடுங்கி எறிகிறோம். எறிந்த செடியின் பெயர் யாது என்று கேட்டால், "ஏதோ களை" என்பதே நம்மில் பெரும்பாலோர் கூறும் விடை. அவ்வாறு பெயர் கேட்கப்படாமலேயே எறியப்படும் செடிகளுள் ஒன்றனை இம்மாதம் சற்று நின்று பார்ப்போம். நின்று பார்ப்பதில் ஒரு பயனும் உண்டு. நம் பிள்ளைகளின் உடல்நலத்தோடு தொடர்புடைய பயன் அது.

சென்னையின் மேற்குப் புறநகரில், பட்டாபிராமுக்கும் திருநின்றவூருக்கும் இடையே அமைந்தது நெமிலிச்சேரி. வயலும் ஏரியுமாக இருந்த இப்பகுதியின் முகம் விரைந்து மாறி வருகிறது. வண்டலூரிலிருந்து நெமிலிச்சேரி வரையிலான வெளிவட்டச் சாலை 2014ஆம் ஆண்டிலும், நெமிலிச்சேரியிலிருந்து மீஞ்சூர் வரையிலான பகுதி 2021ஆம் ஆண்டிலும் திறக்கப்பட்டன. வயல்கள் மனைகளாயின; மனைகளில் வீடுகள் எழுகின்றன. விற்கப்பட்டும் வீடு எழாத மனைகளிலும், புதுச் சுவர்களின் அடியிலும், புகைவண்டிப் பாதையின் ஓரத்திலும் ஒரு சிறு பூ தலை நிமிர்ந்து நிற்பதை அவ்வூர் மக்கள் கண்டிருப்பர். நடுவில் மஞ்சள், சுற்றிலும் வெளிர் மஞ்சள் கலந்த வெண்மையில் ஐந்து இதழ்கள், ஒரு சாண் நீளத்திற்கு மெலிந்த காம்பு. அதுவே வெட்டுக்காயப் பூண்டு. வேறு ஊர்களில் வாழும் வாசகர்களும் வருந்த வேண்டியதில்லை. உங்கள் தெருவிலும் இது நிச்சயம் இருக்கும்.

பல பெயர்கள் கொண்ட ஏழை

இச்செடிக்குத் தமிழ்நாட்டில் ஊருக்கொரு பெயர். கிணற்று ஓரங்களில் வளர்வதால் கிணற்றடிப் பூண்டு என்றும் கிணற்றுப்பாசான் என்றும் அழைப்பர். பூவின் வடிவம் மூக்கில் அணியும் நகையை ஒத்திருப்பதால் மூக்குத்திப் பூ என்பாரும் உளர். வெட்டுக்காயத்திற்கு இலையைக் கசக்கிப் பிழியும் வழக்கத்தால் வெட்டுக்காயப் பூண்டு, வெட்டுக்காயப் பச்சிலை என்ற பெயர்கள் வந்தன. சிறுவர்களோ தாத்தாப் பூ என்பர். நீண்ட காம்பைப் பிடித்துக்கொண்டு, கட்டைவிரல் நகத்தால் பூவின் தலையைச் சுண்டித் தெறிக்கவிடும் விளையாட்டை உங்களில் பலர் சிறு வயதில் விளையாடியிருப்பீர்கள்.

தாவரவியலார் இதற்கு இட்ட பெயர் ட்ரைடாக்ஸ் ப்ரோகம்பன்ஸ் என்பதாகும். ஸ்வீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் 1753ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் இப்பெயரைச் சூட்டினார். ப்ரோகம்பன்ஸ் என்னும் இலத்தீன் சொல்லுக்குத் தரையோடு படிந்து கிடப்பது என்று பொருள். செடியின் இயல்புக்கு இதனினும் பொருத்தமான பெயர் அமையாது.

இது நம் மண்ணில் தோன்றிய செடி அன்று. மெக்சிகோவும் நடு அமெரிக்காவும் இதன் தாயகம். கடல் கடந்து வந்து, வெப்பமான நாடுகள் அனைத்திலும் இது குடியேறிவிட்டது. அந்நியச் செடி என்று முகம் சுளிக்க வேண்டியதில்லை. நாம் பிரியாணியில் சேர்க்கும் தக்காளியும் பச்சை மிளகாயும், பிள்ளைகள் விரும்பி உண்ணும் கொய்யாவும் வேர்க்கடலையும் அதே அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவைதாமே! ஆயினும் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் கூட்டாட்சி அரசு இப்பூண்டைக் கேடுதரும் களைகளின் பட்டியலில் வைத்திருக்கிறது. ஓரிடத்தில் பச்சிலை, மற்றோரிடத்தில் தடை செய்யப்பட்ட களை!

அடையாளங்கள்

உலகில் பூக்கும் தாவரக் குடும்பங்களுள் மிகப் பெரியவற்றில் ஒன்று சூரியகாந்திக் குடும்பம். டெய்சிக் குடும்பம் என்றும் இதனை வழங்குவர். 20,000க்கும் மேற்பட்ட இனங்கள் இதில் அடங்கும். தோட்டத்துச் சாமந்தியும், எண்ணெய் தரும் சூரியகாந்தியும், வேலியோரத்து வெட்டுக்காயப் பூண்டும் இக்குடும்பத்தின் பிள்ளைகளே.

இப்பூண்டின் தண்டு தரையை ஒட்டிப் படரும். நுனி மட்டும் மேல்நோக்கி எழும். மண்ணைத் தொடும் கணுக்களில் புதிய வேர்கள் இறங்கும். தண்டிலும் இலையிலும் சொரசொரப்பான மயிர்கள் அடர்ந்திருக்கும். விரலால் தடவினால் நன்கு உணரலாம். இலைகள் ஒவ்வொரு கணுவிலும் இரண்டிரண்டாக எதிரெதிரே அமைந்திருக்கும். இலையின் விளிம்பு அரத்தின் பற்களைப் போல ஒழுங்கற்று வெட்டுப்பட்டிருக்கும். தண்டின் நுனியிலிருந்து இலையற்ற ஒற்றைக் காம்பு 10 முதல் 30 சென்டிமீட்டர் வரை நீண்டு எழுந்து, உச்சியில் ஒரே ஒரு பூவைத் தாங்கும்.

இது ஓராண்டில் மடிந்துபோகும் செடி அன்று. பாடநூல்கள் பல்பருவச் செடி என்று கூறும் வகையைச் சேர்ந்தது. கோடையில் மேற்பகுதி வாடிக் கருகினாலும் வேர் உயிரோடு இருக்கும். வடகிழக்குப் பருவமழையின் முதல் தூறல் விழுந்ததும் அதே வேரிலிருந்து புதுத் தளிர் கிளம்பும். கையால் இழுத்தால் தண்டு மட்டும் அறுந்து வருவதும், ஒரு மாதத்தில் அதே இடத்தில் செடி மீண்டும் தோன்றுவதும் இதனால்தான்.

ஒரு பூவா, ஒரு ஜமாஅத்தா?

இப்போது ஒரு பூவைப் பறித்துக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளையும் அருகே அழைத்துக்கொள்ளுங்கள். நாம் ஒரு பூ என்று கருதிய இது உண்மையில் ஒரு பூ அன்று. பல பூக்கள் கூடிய ஒரு ஜமாஅத். தாவரவியலில் இதற்குச் சிரமஞ்சரி என்று பெயர்.

வெளிவட்டத்தில் உள்ள ஐந்து வெண்ணிற இதழ்களில் ஒன்றை மெல்லப் பிடுங்கிப் பாருங்கள். அது ஒரு தனி இதழ் அன்று. அடியில் சூல்பை கொண்ட ஒரு முழுப் பெண் மலர். அதன் அகன்ற நுனியில் மூன்று பற்கள் வெட்டப்பட்டிருப்பதைக் காணலாம். சில பூக்களில் இவ்வெண் மலர்கள் மூன்றாகவோ, ஐந்துக்கு மேலாகவோ இருப்பதும் உண்டு.

இனி நடுவில் உள்ள மஞ்சள் பகுதியை நகத்தால் பிளந்து பாருங்கள். நெருக்கமாக நிற்கும் சிறு சிறு மஞ்சள் குழல்கள் தனித்தனியே பிரியும். ஒவ்வொரு குழலும் ஒரு மலர். ஒவ்வொன்றின் வாயிலும் ஐந்து சிறு மடல்கள் உண்டு. ஆண் உறுப்பும் பெண் உறுப்பும் இவற்றில் ஒருங்கே அமைந்திருக்கும். ஒரு பூவில் எத்தனை குழல்கள் என்று பிள்ளைகளை எண்ணச் சொல்லுங்கள்; இரண்டு மூன்று பூக்களை எண்ணி ஒப்பிடச் சொல்லுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலைக்கு இதனினும் நல்ல பாடம் வேறில்லை.

குண்டூசித் தலையளவே உள்ள ஒரு மஞ்சள் மலர் தனித்து நின்றிருந்தால் எந்தப் பூச்சியின் கண்ணிலும் பட்டிராது. பல மலர்கள் ஓரிடத்தில் கூடி, வெளிவட்டத்து மலர்கள் வெள்ளைக் கொடிகளைப்போல் விரிந்து நின்று விருந்தினரை அழைப்பதால், தேனீயும் வண்ணத்துப்பூச்சியும் தொலைவிலிருந்தே கண்டு வருகின்றன. வந்தமர்ந்த பூச்சி இடம் பெயராமலே அடுத்தடுத்த குழல்களில் தேன் உறிஞ்சலாம். ஒரே வருகையில் பல மலர்களுக்கு மகரந்தம் சேரும். கூடி வாழ்வதன் நன்மையை இச்சிறு செடி எவ்வளவு எளிதாகக் காட்டிவிடுகிறது!

பூ முதிர்ந்ததும் ஒவ்வொரு சிறு மலரும் ஒரு விதை கொண்ட கரிய கனியாகிறது. அதன் நீளம் இரண்டு மில்லிமீட்டர் அளவே. உச்சியில் இறகு போன்ற மெல்லிய தூவிகள் வட்டமாக விரிந்திருக்கும். காற்று வீசும்போது இத்தூவிகள் குடைபோல் விதையைத் தாங்கிச் செல்லும். மாடிப்படியின் விரிசலிலும் தண்ணீர்த் தொட்டியின் மேலும் யாரும் நடாமலே இச்செடி முளைப்பதன் இரகசியம் இதுவே.

ஆள்மாறாட்டம் செய்யும் அண்டைவீட்டார்

இத்தனை அடையாளங்களை விரித்துக் கூறியதற்குக் காரணம் உண்டு. ஒரே மனையில், ஒரே குடும்பத்தைச் சேர்ந்த வேறு சில செடிகளும் இதன் அருகிலேயே வளர்கின்றன. "மஞ்சளும் வெள்ளையுமாகப் பூத்திருந்தது, பறித்து வந்தேன்" என்று பிள்ளை கொண்டுவந்து தரும் இலை எதுவென்று தெரியாமல் புண்ணில் வைத்தலும், அரைத்துக் குடித்தலும் ஆபத்தானவை.

முதலாவது பார்த்தீனியம். 1950களின் நடுவில் புனே நகரில் கண்டறியப்பட்டு, பின்னர் நாடெங்கும் பரவிய நச்சுக் களை இது. தொட்டால் தோலில் அரிப்பும் கொப்புளமும் தோன்றலாம். இதன் மகரந்தம் சிலருக்கு மூச்சுத் திணறலை உண்டாக்கும். இதன் இலை கேரட் இலையைப்போல் ஆழமாகப் பிளவுபட்டு, தண்டில் மாறி மாறி அமைந்திருக்கும். பூக்கள் மிகச் சிறியவை. நிமிர்ந்த தண்டின் கிளைகளில் கொத்துக் கொத்தாக வெண்மையாகப் பூக்கும். வெட்டுக்காயப் பூண்டிலோ இலைகள் எதிரெதிரே இருக்கும். நீண்ட காம்பில் பூ ஒன்றே இருக்கும். இவ்விரு வேறுபாடுகளை மனத்தில் இருத்தினால் போதும்.

இரண்டாவது கரிசலாங்கண்ணி. கூந்தல் தைலம் காய்ச்சுவோர் நன்கறிந்த செடி. ஈரமான வாய்க்கால் ஓரங்களில் வளரும். இதன் பூ முழுவதும் வெண்மை. இதழ்கள் நூல்போல் குறுகியவை. தண்டைக் கசக்கினால் சாறு கருத்துவிடும்.

மூன்றாவதே மிகுந்த குழப்பத்தை விளைவிப்பது. அடுக்குமாடிக் குடியிருப்புகளின் முன்புறத்தில் தரை முழுவதும் பச்சைப் பாய் விரித்தாற்போல் படர்ந்து, மஞ்சள் நிறத்தில் பூக்கும் ஒரு கொடியைப் பார்த்திருப்பீர்கள். சிங்கப்பூர் டெய்சி என்று அழைக்கப்படும் இதுவும் அமெரிக்கக் கண்டத்து வெப்பப் பகுதிகளைச் சேர்ந்த பல்பருவச் செடியே. அழகுக்காகக் கொண்டுவரப்பட்டு, பல நாடுகளில் நீர்க்கரைகளை ஆக்கிரமித்துக்கொண்டது. உலகின் மிகக் கொடிய 100 ஆக்கிரமிப்பு உயிரினங்களின் பட்டியலில் இதுவும் இடம்பெற்றுள்ளது. பலர் இதனைப் பொற்றலைக் கையாந்தகரை என்னும் மஞ்சள் கரிசலாங்கண்ணி என்று எண்ணிக் கீரையாகச் சமைக்கப் பறிக்கின்றனர். பளபளக்கும் இலை மூன்று மடலாகப் பிரிந்திருந்தால் அது சிங்கப்பூர் டெய்சி. மடல் பிரியாத, குறுகிய, சொரசொரத்த இலையுடையதே மஞ்சள் கரிசலாங்கண்ணி. ஐயம் சிறிதேனும் இருந்தால் அடுப்பில் ஏற்றாதீர்கள்.

காயத்திற்கு இலை வைக்கலாமா?

நம் உம்மம்மாமார் வயலில் அரிவாள் பட்ட காயத்திற்கு இப்பூண்டின் இலையைக் கசக்கிச் சாற்றைப் பிழிந்தனர். இரத்தம் நிற்கவும் புண் ஆறவும் இது உதவும் என்பது நெடுங்கால நம்பிக்கை. இந்நம்பிக்கையை நம் நாட்டு மருந்தியல் ஆய்வாளர்கள் 1980களிலிருந்து சோதித்து வந்துள்ளனர். எலிகளுக்கு உண்டாக்கிய காயங்களில் இலைச்சாறு புண் ஆறும் வேகத்தைக் கூட்டியதாக முடிவுகள் வெளியாயின. ஆகவே பாட்டிமாரின் அனுபவத்தை வெறும் மூடப்பழக்கம் என்று தள்ளிவிட இயலாது.

எனினும், ஆய்வுக்கூடத்தில் கழுவித் தூய்மைப்படுத்திப் பிரித்தெடுத்த சாறு வேறு. நெமிலிச்சேரிச் சாலையோரத்தில் பறித்த இலை வேறு. அவ்விலையின் மயிர்களில் வாகனப் புழுதியும், ஆடுமாடுகளின் கழிவும், ஒருவேளை களைக்கொல்லி மருந்தும் ஒட்டியிருக்கும். டெட்டனஸ் என்னும் இரண ஜன்னியை உண்டாக்கும் கிருமியின் வித்துகள் மண்ணிலும் சாணத்திலுமே வாழ்கின்றன. உயிரைப் பறிக்கும் அந்நோயை எந்தப் பச்சிலையும் தடுக்காது. தடுப்பூசி ஒன்றே தடுக்கும்.

ஆதலால் வீட்டில் யாருக்கேனும் காயம் பட்டால் செய்ய வேண்டியவை இவை: ஓடும் குழாய் நீரில் சோப்பிட்டுக் கழுவுங்கள். தூய துணியை வைத்துச் சில நிமிடங்கள் விடாமல் அழுத்திப் பிடியுங்கள். ஆழமான காயம், மண்ணோ துருவோ பட்ட காயம், இரத்தம் நிற்காத காயம் எனில் உடனே மருத்துவரிடம் செல்லுங்கள். பிள்ளைகளுக்கு 10 வயதிலும் 16 வயதிலும் போட வேண்டிய டெட்டனஸ் தடுப்பூசி விட்டுப்போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நீரிழிவு உள்ள பெரியவர்களின் காலில் சிறு கீறல் ஏற்பட்டாலும் இலை வைத்துக் கட்டிவிட்டு நாள் கடத்தாதீர்கள். அந்தத் தாமதம் காலையே இழக்கச் செய்யக்கூடும்.

மற்றொன்றையும் அழுத்தமாகச் சொல்ல வேண்டும். நாய்க்கடிக்கு இப்பூண்டு மட்டுமன்று, எந்தப் பச்சிலையும், மஞ்சளும், சுண்ணாம்பும் ஆகாது. காயத்தை ஓடும் நீரில் சோப்பிட்டு 15 நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனைக்குச் சென்று வெறிநாய்க்கடித் தடுப்பூசியைத் தொடங்குங்கள். வெறிநோய் வெளிப்பட்டபின் காப்பாற்றுதல் ஏறக்குறைய இயலாத காரியம்.

இலையை அரைத்து உள்ளுக்குக் குடிப்பதையும், தகுதி பெற்ற சித்த அல்லது யூனானி மருத்துவரின் சொல்லின்றிச் செய்யலாகாது.

பார்த்து அறிந்தவர்

செடியை நேரில் கண்டு தெளிந்த பின்னரே அதனைப் பற்றிப் பேச வேண்டும் என்னும் ஒழுங்கு நமக்குப் புதியதன்று. ஸ்பெயினின் மாலகா நகரப் பகுதியில் பிறந்த இப்னுல் பைத்தார், வட ஆப்பிரிக்கா, சின்ன ஆசியா, எகிப்து, சிரியா எனப் பயணம் செய்து மூலிகைகளை ஆராய்ந்தவர். எகிப்தின் சுல்தான் அல்காமில் இவரை மூலிகை வல்லுநர்களின் தலைவராக நியமித்தார். ஏறத்தாழ 1,400 மருந்துப் பொருள்களையும் உணவுகளையும் அகரவரிசையில் தொகுத்து இவர் ஆக்கிய அரபு நூல் பல நூற்றாண்டுகள் மருத்துவர்களின் கைந்நூலாக விளங்கிற்று. இவர் 1248ஆம் ஆண்டு திமிஷ்கில் காலமானார். மருத்துவர்களின் வரலாற்றை எழுதிய இப்னு அபீ உஸைபிஆ இவருடைய மாணவர். திமிஷ்கின் சுற்றுப்புறங்களில் ஆசிரியரோடு நடந்து, பழைய நூல்களின் வருணனையை நேரில் நிற்கும் செடியோடு ஒப்பிட்டுப் பயின்றதை அவரே பதிவு செய்திருக்கிறார்.

நம் நாட்டு மருந்துக் கடைகளில் அக்கரகாரம் என்று ஒரு வேர் கிடைக்கும். கடித்தால் நாக்கு சுறுசுறுவென்று மரக்கும், உமிழ்நீர் பெருகும். அரபியர் ஆகிர் கர்ஹா என்று வழங்கும் இவ்வேர், வட ஆப்பிரிக்காவின் மலைச்சரிவுகளில் தானாக வளரும் ஒரு பல்பருவ டெய்சிச் செடியினுடையது. யூனானி மருத்துவர் பயன்படுத்தும் பாபூனாப் பூவும் இதே குடும்பம். ஒரே குடும்பத்தில் மருந்தும் உண்டு, பார்த்தீனியம் போன்ற நஞ்சும் உண்டு. இரண்டையும் பிரித்தறிய உதவுவது இலையின் அமைப்பையும் பூவின் அமைப்பையும் பொறுமையாகக் காணும் கண் ஒன்றே.

வைத்திருப்பதா, களைவதா?

காய்கறிப் பாத்தியில் இப்பூண்டு முளைத்தால் வேரோடு களைந்துவிடுங்கள்; பயிருக்கு உரிய நீரையும் சத்தையும் இது பங்கிட்டுக்கொள்ளும். மழை பெய்து மண் இளகியிருக்கும்போது அடிவேரைத் தோண்டி எடுப்பதே சிறந்த வழி. பூ முதிர்ந்து தூவி விரிவதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும். பிள்ளைகள் விளையாடும் வாசலில் களைக்கொல்லி தெளிக்காதீர்கள்.

பாத்திக்கு அப்பால், சுவரின் ஓரத்தில் இரண்டு செடிகள் நின்றால் நிற்கட்டும். வீடுகள் நெருங்கிவரும் புறநகரில், ஆண்டின் எல்லாப் பருவத்திலும் பூக்கும் செடிகள் அருகி வருகின்றன. தரையோரம் தாழப் பறக்கும் சிறு நீல வண்ணத்துப்பூச்சிகளுக்கும், சிறு தேனீக்களுக்கும் இப்பூவின் தேன் அன்றாட உணவு. காலை வெயில் ஏறும் நேரத்தில் சற்றே நின்று பார்த்தால், ஒரு பூவுக்கு எத்தனை விருந்தினர் வந்து போகின்றனர் என்பதனை நீங்களே காண்பீர்கள்.

இவ்விதழைப் படித்து முடித்ததும் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு தெருமுனை வரை செல்லுங்கள். எதிரெதிர் இலை, சொரசொரத்த தண்டு, ஒற்றைக் காம்பு, மூன்று பல் கொண்ட வெண் மலர் ஆகிய நான்கு அடையாளங்களையும் அவர்களே கண்டுபிடிக்கட்டும். அருகில் பார்த்தீனியம் நின்றால் தொடாமல் தள்ளி நின்று அதன் வேறுபாட்டையும் காட்டுங்கள். எதனைத் தொடலாம், எதனைத் தொடலாகாது என்று அறிந்த பிள்ளை, காயம் பட்ட நாளில் கண்ட இலையைக் கசக்காமல் குழாயடிக்கு ஓடும்.

இன்ஷா அல்லாஹ், அடுத்த இதழில் மற்றொரு செடியோடு சந்திப்போம். வஸ்ஸலாம்.